பூத்தில் தகராறு, கைது, ஓட்டு: நீலகிரியில் முதல் தடவை வாக்குச்சாவடிக்குப் போகிறவர்களுக்கு

வழக்கு இருந்தால் ஓட்டுப் போட முடியாது என்று எஸ்டேட் லைன்களில் (தொழிலாளர் குடியிருப்புகளில்) ஒரு பேச்சு எப்போதும் உண்டு. சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவு இரண்டே பேரைத் தடுக்கிறது: சிறைக்குள் இருப்பவர், போலீஸ் காவலில் இருப்பவர். எஃப்.ஐ.ஆரில் பேர் இருக்கலாம், குற்றப்பத்திரிகை போட்டிருக்கலாம், மாதாமாதம் வாய்தாவுக்கு ஊட்டி கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருக்கலாம், ஸ்டேஷனில் ஹிஸ்டரி ஷீட்கூட இருக்கலாம். வெளியே இருக்கிறீர்கள் என்றால் ஓட்டு உண்டு. தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீனில் இருப்பவருக்கும் இதுதான் கணக்கு.

ஆகவே வாக்குப்பதிவு முடிகிற நேரத்துக்குள் ஆள் எங்கே இருக்கிறார் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காலை பத்து மணிக்குக் கூச்சல் போட்டு, பதினொன்றுக்கு ஸ்டேஷனில் உட்கார்ந்து, மாலை ஆறேகாலுக்கு வெளியே வந்தால் ஓட்டுப் போனது போனதுதான். ஐந்தே முக்காலுக்கு வந்து வரிசையில் நின்றுவிட்டால் கிடைக்கும். கீழே சொல்வதெல்லாம் அந்த இடைவெளியைப் பற்றியது.

100 மீட்டர் கோடு, மலையில்

வாக்குச்சாவடியைச் சுற்றி 100 மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். சமவெளியில் இது தெருமுனையில் தெரியும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கும், கோடு கீழே படிக்கட்டு வளைவில் இருக்கும், பனிமூட்டத்தில் கண்ணில் படாது. பல ஊர்களில் டீக்கடையே கோட்டுக்கு உள்ளே வந்துவிடுகிறது. அங்கே நின்று “நம்ம சின்னத்துக்குப் போடுங்க” என்று சொல்வதும் அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 130ஆம் பிரிவில் குற்றம். அபராதம் 250 ரூபாய்தான், ஆனால் வாரண்ட் இல்லாமல் போலீஸ் பிடிக்கலாம். கட்சிக்காரர்கள் சிலிப் கொடுக்கும் மேசை கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் 2025 மே மாதத்து அறிவிப்பு வரைக்கும் அந்த எல்லை 200 மீட்டராக இருந்தது. பழைய கணக்கை வைத்துக்கொண்டு எதிர்க்கட்சி மேசையோடு சண்டைக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

செல்போனைக் கோட்டுக்குள் அணைத்துத்தான் வைத்திருக்க வேண்டும். வாசலில் போன் வைக்கப் பெட்டியோ சாக்குப்பையோ இருக்கும், அதில் போட்டுவிட்டு உள்ளே போங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவது இன்னும் நல்லது. ஓட்டுப் போடும் மறைப்புக்குள் செல்ஃபி எடுக்கப் போய் மாட்டிக்கொள்வது புதியவர்களிடம் அடிக்கடி நடக்கிறது.

ஒலிபெருக்கி விஷயம் மலைக்கே உரியது. சித்திரையை ஒட்டி மாரியம்மன் திருவிழாக்கள் வருகிற காலத்தில் தேர்தலும் வந்து நிற்கும். பள்ளத்துக்கு அந்தப்பக்கக் கோயிலில் போட்ட பாட்டு இந்தப்பக்கப் பள்ளிக்குள் கணீரென்று கேட்கும். 131ஆம் பிரிவு வாக்குச்சாவடி வாசலோடு நிற்பதில்லை, அக்கம்பக்கத்துப் பொது இடம், தனியார் இடம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. வாக்காளருக்கும் அலுவலருக்கும் தொந்தரவு என்றால் மைக் செட்டையே பறிமுதல் செய்ய முடியும். விழாக் கமிட்டிக்காரர்கள் அன்றைக்குப் பகலில் செட்டை நிறுத்திவைப்பது புத்திசாலித்தனம்.

இலை பறிக்கப் போகும் வழியில் ஓட்டுப் போடுகிறவர்கள் கவாத்துக் கத்தியோடு வந்துவிடுவார்கள். வாக்குச்சாவடிக்கு அருகே ஆயுதத்தோடு போனால் 134பி பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை. விவசாயத்துக்கு மட்டுமே என்று செய்த கருவி ஆயுதச் சட்டத்தின் வரையறையில் வராது என்பது உண்மைதான். அதை வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் வடநாட்டு ஜவானிடம் தமிழில் விளக்க முடியாது. கத்தியைக் கோட்டுக்கு வெளியே தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கூடலூர், பந்தலூர் எல்லைப்பக்கச் சாவடிகளில் மத்தியப் படையினர் நின்றால், நாம் சாதாரணமாகப் பேசுகிற சத்தமே அவர்களுக்குச் சண்டை மாதிரிக் கேட்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சண்டை எங்கே தொடங்குகிறது, அதற்கு என்ன காகிதம்

பூத்துக்குள் வரும் தகராறுகளில் பெரும்பாலானவற்றுக்கு 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தும் விதிகளில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. அந்த விதியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் வேலை நடக்கும், கத்தினால் போலீஸ் வரும். முந்தின நாளே பெட்டியோடு வந்து, குளிரில் பள்ளிப் பெஞ்சில் படுத்து, காலை ஐந்தரைக்கு மாதிரி ஓட்டு நடத்திவிட்டு உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்தான் பெரும்பாலும் அங்கே தலைமை அலுவலர். அவருக்குப் பொறுமை குறைவாகத்தான் இருக்கும்.

உங்கள் ஓட்டை யாரோ போட்டுவிட்டார்கள் என்றால்: “49பி (49P) விதிப்படி டெண்டர் ஓட்டு வேண்டும்” என்று கேளுங்கள். நீங்கள் யார் என்பதை உறுதிசெய்ய அலுவலர் கேள்வி கேட்பார். திருப்தி என்றால் இயந்திரத்துக்குப் பதில் காகித வாக்குச்சீட்டு தருவார், 17பி (17B) படிவத்தில் கையெழுத்து வாங்குவார், சீட்டு தனி உறையில் போகும். சாதாரண எண்ணிக்கையில் அது சேராது, வழக்கு என்று வந்தால் கோர்ட் எடுத்துப் பார்க்கும். இது என்ன நியாயம் என்று தோன்றும். ஆனாலும் வாங்கிவிடுங்கள். வாங்காமல் கத்திவிட்டுப் போனவருக்கு, அன்றைக்கு அவர் வந்ததற்கே பதிவு இருக்காது.

பட்டியலில் பேர் இல்லை என்றால் கையில் வாக்காளர் அட்டை இருந்தும் ஓட்டு இல்லை. இதில் வாதாடிப் பயனில்லை, தலைமை அலுவலரால் பேர் சேர்க்க முடியாது. எஸ்டேட் மாறிப் போனவர்களுக்கும், கீழே திருப்பூர், கோயம்புத்தூரில் வேலைக்குப் போய் ஓட்டுக்கு மட்டும் மலையேறி வருகிறவர்களுக்கும் இது அடிக்கடி நேர்கிறது. வாக்காளர் உதவி எண்ணான 1950இல் முன்கூட்டியே சரிபார்த்துவிடுங்கள்.

ஒப்புகைச் சீட்டில் (யாருக்குப் போட்டீர்கள் என்று காட்டும் விவிபாட் சீட்டில்) வேறு சின்னம் வந்தது என்றால்: சீட்டு 7 விநாடிதான் கண்ணாடியில் தெரியும். 49எம்ஏ விதிப்படி எழுத்தில் உறுதிமொழி கொடுத்தால், தலைமை அலுவலரும் வேட்பாளர்களின் ஏஜெண்டுகளும் பார்க்க ஒரு சோதனை ஓட்டுப் போட வைப்பார்கள். சொன்னது உண்மை என்றால் அந்த இயந்திரத்தில் வாக்குப்பதிவு நிறுத்தப்படும். பொய் என்றால் 6 மாதம் வரை சிறைக்கு வழியுண்டு, அதைக் கையெழுத்துக்கு முன்பே அலுவலர் எச்சரிப்பார். நிச்சயமில்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

கள்ள ஓட்டு என்று சந்தேகம் வந்தால், ஏஜெண்டாக உட்காருகிறவர் சட்டைப்பையில் இரண்டு ரூபாய் நாணயங்கள் சில வைத்திருக்க வேண்டும். அடையாளத்தை எதிர்த்து ஒரு சவாலுக்குக் கட்டணம் ரொக்கமாக 2 ரூபாய். அலுவலர் விசாரிப்பார். ஆள்மாறாட்டம் என்று உறுதியானால் அந்த ஆளைப் போலீசிடம் ஒப்படைப்பார். வேண்டுமென்றே கிளப்பிய சவால் என்றால் காசு திரும்ப வராது. புது ஏஜெண்டுகள் இதை விட்டுவிட்டு, வந்தவர் கையைப் பிடித்து இழுப்பார்கள். அதற்குப் பிறகு கள்ள ஓட்டு போட வந்தவர் நடந்து போய்விடுவார், ஏஜெண்ட் ஜீப்பில் ஏறுவார்.

கைது இல்லாமலே ஓட்டுப் போகிற ஒரு வழியும் இருக்கிறது. மறைப்புக்குள் நின்று “நான் இன்னாருக்குத்தான் போடுறேன்” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வது, எச்சரித்தும் ரகசியத்தைக் காக்க மறுப்பது, நண்பரை உள்ளே அழைப்பது. 49எம் விதிப்படி தலைமை அலுவலர் உங்களை ஓட்டுப் போட விடாமல் திருப்பி அனுப்பலாம். பதிவேட்டில் விதி மீறியவர் என்று எழுதிவிடுவார்.

வெளியேற்றுவது வேறு, கைது வேறு

இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

வாக்குப்பதிவு நேரத்தில் ஒழுங்கில்லாமல் நடந்தாலோ, தலைமை அலுவலரின் சட்டப்படியான பேச்சைக் கேட்காவிட்டாலோ, 132ஆம் பிரிவில் அவர் வெளியேற்றச் சொல்லலாம். இது கைது அல்ல. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, இந்த அதிகாரத்தைக் காட்டி அங்கே ஓட்டுரிமை உள்ளவருக்கு ஓட்டுப் போடும் வாய்ப்பே இல்லாமல் செய்துவிடக் கூடாது என்கிறது. ஆக, வெளியேற்றப்பட்டவர் திரும்பி வந்து ஓட்டுப் போடலாம். ஒரே நிபந்தனை, தலைமை அலுவலரின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் உள்ளே நுழைந்தால்தான் அது குற்றமாகிறது: மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வாசல் போலீஸ்காரரிடம், “ஓட்டுப் போட வேண்டும், சாரிடம் கேட்டுச் சொல்லுங்கள்” என்று சொல்லி, வெளியிலேயே காத்திருங்கள். அரை மணி நேரம் கழித்துக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். ஒரு மன்னிப்பும் கேட்டுவிட்டால் நிச்சயம் கூடுதல் பலன்.

131ஆம் பிரிவு அடுத்த படி. வாக்குச்சாவடியிலோ அக்கம்பக்கத்திலோ கூச்சல் போட்டு, வருகிறவர்களுக்குத் தொல்லை கொடுத்தாலோ வேலைக்கு இடைஞ்சல் செய்தாலோ, தண்டனை அதே மூன்று மாதம் வரைதான். ஆனால் இதில் தலைமை அலுவலர் கைது செய்யச் சொன்னால் போலீஸ் கைது செய்தே ஆக வேண்டும், எஸ்.ஐ. நம் ஊர்க்காரராக இருந்தாலும் அவருக்கு வேறு வழி கிடையாது. அதனால் சமாதானம் பேச வேண்டிய ஆள் எஸ்.ஐ. அல்ல, மேசையில் இருக்கும் அந்த ஆசிரியர். அவர் வாயிலிருந்து உத்தரவு வருவதற்கு முன்பு பேச வேண்டும்.

இதற்கும் மேலே போனால் கதை மாறும். 131, 132 இரண்டும் ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள். அலுவலர் சட்டையைப் பிடித்தாலோ போலீஸ்காரரைத் தள்ளினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 132ஆம் பிரிவு சேரும். எண் ஒன்றுதான், சட்டம் வேறு. அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தாக்குவது அது, ஸ்டேஷன் பெயில் கிடையாது. இயந்திரத்தில் கை வைத்தால், சாவடியைக் கைப்பற்றினால், 135ஏ: குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு. வாயோடு நிற்கிறவர் மாலைக்குள் வீடு திரும்ப வழி உண்டு, கை நீட்டியவருக்கு அது மிகவும் குறைவு.

ஜீப்பில் ஏற்றிவிட்டால்

1. முதல் கேள்வி: “என்னைக் கைது செய்திருக்கிறீர்களா?” இல்லை என்றால் நீங்கள் காவலில் இல்லை, ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறேன் என்று கேட்டுப் போகலாம். விசாரணைக்கு வர நோட்டீஸ் மட்டும் கொடுத்தால் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 35ஆம் பிரிவு) கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு நேரே பூத்துக்குப் போங்கள்.

2. கைது என்றால், என்ன பிரிவு, என்ன காரணம் என்பதை எழுத்தில், உங்களுக்குப் புரிகிற மொழியில் கேளுங்கள். கைதுக் குறிப்பில் உங்கள் கையெழுத்து வேண்டும், குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அதில் எழுதியிருக்கும் நேரத்தைப் பாருங்கள். பதினொரு மணிக்குப் பிடித்துவிட்டு இரண்டு மணி என்று எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

3. வீட்டுக்கோ நண்பருக்கோ தகவல் சொல்வது போலீசின் கடமை. உங்கள் போன், வாக்குச்சாவடி வாசல் பெட்டியில் கிடக்கும், எண் மனப்பாடமாக இருக்காது, பள்ளத்தில் சிக்னலும் இருக்காது. இரண்டு எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, வாக்காளர் அட்டையோடு வைத்திருங்கள்.

4. ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் ஸ்டேஷன் பெயில் உங்கள் உரிமை, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 478ஆம் பிரிவு. ஸ்டேஷன் ரைட்டர் (எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர்) இரண்டு ஜாமீன்தாரர் கேட்பது வழக்கம். ஆதார் நகலோடு இரண்டு பேரை உடனே வரச் சொல்லுங்கள். நகல் எடுக்கும் கடை தேர்தல் அன்று மூடியிருக்கும், அங்கேதான் ஒரு மணி நேரம் போகும். ஜாமீன் கொடுக்க ஆளில்லாத ஏழை என்றால் சொந்தப் பிணையில் விடச் சொல்லிக் கேட்கலாம்.

5. வக்கீல் இல்லாவிட்டால் சட்ட உதவி எண் 15100. பெண்கள், பழங்குடியினர், பட்டியல் சாதியினர், காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. பெண்களைச் சூரியன் மறைந்தபின் கைது செய்வதென்றால் விதிவிலக்கான சூழ்நிலை வேண்டும், பெண் அதிகாரியும் மாஜிஸ்திரேட்டின் முன்அனுமதியும் வேண்டும்.

6. வெளியே விட்டதும் வீட்டுக்குப் போகாமல் பூத்துக்குப் போங்கள். வாக்குப்பதிவு முடியும் நேரம் அந்தந்த அறிவிப்பில் இருக்கும். 2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தலில் காலை 7 முதல் மாலை 6 வரை. அந்த நிமிடத்தில் வரிசையில் நிற்கிற எல்லோருக்கும், கடைசி ஆளிலிருந்து தொடங்கி முன்னோக்கி டோக்கன் கொடுப்பார்கள். டோக்கன் கையில் இருந்தால் எட்டு மணி ஆனாலும் ஓட்டுப் போடலாம். முன்பு வெளியேற்றப்பட்டிருந்தால் வரிசையில் சேரும்போதே தலைமை அலுவலரின் அனுமதியைக் கேட்டுவிடுங்கள்.

போலீஸ் அதிகபட்சம் 24 மணி நேரம் வைத்திருக்கலாம், கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் பயண நேரம் அதில் சேராது. தேர்தல் நாளைப் பொறுத்தவரை 24 மணி நேரம் என்பது மிகப் பெரியது. அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

நீண்ட காவலில் இருப்பவர்கள்

ரிமாண்டில் இருப்பவருக்கு, குற்றம் நிரூபணமாகாவிட்டாலும், ஓட்டு இல்லை. இது நியாயமா என்று கேட்டுப் போன வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் 62(5) செல்லும் என்றது. வேடிக்கை என்னவென்றால், தேசியப் பாதுகாப்புச் சட்டத்திலோ, குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் தமிழ்நாட்டுச் சட்டத்திலோ அடைக்கப்பட்டவருக்கு ஓட்டு உண்டு. தடுப்புக் காவலை 62(5) தானே விலக்கிவைக்கிறது. பக்கத்துச் செல்லில் பிக்பாக்கெட் வழக்கில் இருப்பவருக்கு இல்லை, குண்டாஸில் இருப்பவருக்கு உண்டு.

அந்த ஓட்டு தபால் ஓட்டுதான். தேர்தல் அறிவிக்கை வந்து 15 நாளுக்குள் தொகுதியின் தேர்தல் நடத்தும் அலுவலருக்குக் கடிதம் போக வேண்டும். பெயர், முகவரி, வாக்காளர் பட்டியலில் பாகம் எண், வரிசை எண், அடைக்கப்பட்டிருக்கும் சிறை, எல்லாம் அதில் இருக்க வேண்டும். பாகம் எண்ணும் வரிசை எண்ணும் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது, குடும்பத்தார் மனுப் போட்டுச் சிறையில் பார்க்கப் போகும்போது எழுதிக்கொண்டு போங்கள். அதே ஆளுக்கு வேறு வழக்கில் ரிமாண்டும் ஓடிக்கொண்டிருந்தால் வக்கீல் மூலமாகவே எழுதுங்கள்.

ஜாமீன் கிடைத்தது வேறு, வெளியே வந்தது வேறு. கூடலூரிலோ ஊட்டியிலோ உத்தரவு ஆகி, ஜாமீன்தாரர் சரிபார்ப்பு முடிந்து, ஆள் கோயம்புத்தூர் மத்தியச் சிறையில் இருந்தால் மலையிறங்கிக் காகிதம் போய்ச் சேர வேண்டும். வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் மாலை உத்தரவு வாங்கிவிட்டு மறுநாள் காலை ஓட்டு என்று கணக்குப் போட வேண்டாம்.

கண்டிஷன் பெயிலில் இருப்பவர்கள் மறந்துவிடுகிற ஒன்று: வேறு ஊரில் தங்கித் தினமும் காலை பத்தரைக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், ஓட்டுக்காக மலையேறுவதே நிபந்தனை மீறல் ஆகிவிடும். ஜாமீன் ரத்தாகலாம். வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பே நிபந்தனைத் தளர்வு மனு போட்டு, அந்த ஒரு நாளுக்கு விலக்கு வாங்குங்கள்.

தேர்தலுக்கு முன் ஆர்.டி.ஓ.விடம் நன்னடத்தைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர்களுக்கும் பயம் வேண்டாம். பத்திரம் ஓட்டைத் தடுக்காது. பத்திரக் காலத்தில் மறுபடி தகராறு செய்து உள்ளே போனால்தான் சிக்கல்.

ஆறு ஆண்டு ஓட்டை இழக்கும் குற்றங்கள்

தண்டனை முடிந்து வெளியே வந்தபிறகும் ஓட்டுரிமை இல்லாமல் போவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 11ஏ பிரிவில் மட்டும். ஓட்டுக்குப் பணம், மிரட்டல், ஆள்மாறாட்டம், தேர்தலை ஒட்டிச் சாதி மதப் பகையைத் தூண்டுவது, வாக்குச்சீட்டை வெளியே எடுத்துப் போவது, தேர்தல் அலுவலரே செய்யும் சில முறைகேடுகள். இவற்றில் குற்றவாளி என்று தீர்ப்பானால் அன்றிலிருந்து ஆறு ஆண்டு ஓட்டில்லை. 131, 132 இந்தப் பட்டியலில் இல்லை. பூத் வாசலில் கூச்சல் போட்டு அபராதம் கட்டியவர் அடுத்த தேர்தலில் தாராளமாக ஓட்டுப் போடலாம். செத்துப்போன தாத்தா பேரில் சும்மா ஒரு ஓட்டு என்று விளையாட்டாகப் போட்ட பேரன்தான் ஆறு ஆண்டுக்கு மாட்டுவார்.

சிறைக்குப் போனதால் பட்டியலிலிருந்து பேர் நீங்காது, 2013 திருத்தம் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சிறை இருக்கும் ஊர் உங்கள் வசிப்பிடமாகவும் ஆகாது. ஆனால் வீடு வீடாகச் சரிபார்க்க வரும்போது “ஆள் இல்லை” என்று வீட்டில் சொல்லிவிட்டால், இடம்பெயர்ந்தவர் கணக்கில் பேர் அடிபட வாய்ப்பிருக்கிறது. “வழக்கில் உள்ளே இருக்கிறார், வீடு இதுதான்” என்று சொல்லச் சொல்லுங்கள். வெளியே வந்ததும் பட்டியலைப் பாருங்கள். பேர் போயிருந்தால் 6ஆம் படிவம், லைனோ வீடோ மாறியிருந்தால் 8ஆம் படிவம். வேட்புமனு கடைசி நாளை ஒட்டிக் கொடுக்கும் படிவங்கள் அந்தத் தேர்தலுக்குள் பட்டியல் ஏறுவதில்லை, அதற்கு முன்பே தாலுகா அலுவலகத்தில் சேர்த்துவிட வேண்டும்.